நீர்க்கட்டி என்று எத்தனை நாள் சொல்வது?

இந்த மாதக் கடிதக் கட்டில் நான்கு கடிதங்கள் ஒரே நோயைப் பற்றியவை. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனை வார்டுகளில் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது தருமபுரியில் ஓய்வில் இருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கட்டிலருகில் நின்றவளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. தக்காளித் தோட்டத்தையும் இரண்டு கறவை மாடுகளையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மார்பில் கட்டி இருந்ததை ஆறு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் சதை எடுத்துச் சோதித்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அம்மாவிடம் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லியிருக்கிறோம். உண்மை தெரிந்தால் மனம் ஒடிந்துவிடுவார் என்கிறார்கள் அப்பாவும் தாய்மாமனும். கத்தி பட்டால் பரவிவிடும், நாட்டு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார் பெரியப்பா. அடுத்த வாரம் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறோம். என்ன காரணம் சொல்லி அம்மாவை அழைத்துப் போவது?
— பாலக்கோடு வட்டத்திலிருந்து ஒரு மகன்

பதில்: தம்பி, நல்ல பொய் ஒன்று சொல்லித் தரும்படி கேட்கிறீர்கள். என்னிடம் அது இல்லை. இருந்தாலும் தரமாட்டேன். நீங்கள் போகும் இடத்தின் பெயரிலேயே புற்றுநோய் இருக்கிறது. பெயர்ப் பலகையை மறைத்து அழைத்துப் போனாலும், உள்ளே பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் அம்மாள் ஐந்தாவது நிமிடத்தில் கேட்டுவிடுவார்: “உங்களுக்கு எந்த இடத்தில்?”

என் அக்காவுக்கு அப்படித்தான் தெரிந்தது. பென்னாகரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். நாங்கள் அவளிடம் “கர்ப்பப்பையில் புண்” என்று சொல்லிக் கதிர்வீச்சுக்கு அழைத்துப் போனோம். நர்ஸாக இருந்த நானே அந்தப் பொய்யைச் சொன்னேன். என் வாயால் சொன்னால் நம்புவாள் என்று என்னைத்தான் சொல்லச் சொன்னார்கள். இரண்டாம் நாள், வரிசையில் நின்ற ஒருவர் கேட்டுவிட்டார். திரும்பும் பஸ்ஸில் தொப்பூர் கணவாய் தாண்டும் வரை அக்கா பேசவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “ஊருக்கே தெரிந்த சேதி, உடம்புக்குச் சொந்தக்காரிக்குத் தெரியக் கூடாதா?” என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. எங்களுக்குச் சங்கடம் வேண்டாம் என்று, தெரியாதவள் போலவே எட்டு மாதம் இருந்தாள். நாங்களும் அப்படியே இருந்தோம். தீர்த்தமலைக் கோயிலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று கேட்டாள். “உடம்பு தேறட்டும்” என்றோம். தேறவில்லை. மகளுக்கு எந்த நகை, எந்தக் கடனை யாரிடம் திருப்ப வேண்டும் என்றுகூட அவள் எங்களிடம் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொன்னால் நாடகம் கலைந்துவிடுமே!

உங்கள் அம்மாவின் நோய் அக்காவுடையது போல முடியும் என்று நான் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு இன்று நல்ல வைத்தியம் இருக்கிறது. நேரத்தில் பிடித்தால் குணமாகிப் பல ஆண்டுகள் வேலை வெட்டி பார்த்துக்கொண்டு வாழ்கிறவர்களை எனக்கே தெரியும். ஆனால் அந்த வைத்தியம் மாதக்கணக்கில் நீளும். அறுவை, கீமோ, கதிர்வீச்சு என்று எது எப்போது வந்தாலும் உங்கள் அம்மாதான் கையை நீட்ட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட வேண்டும், தேதி தவறாமல் போக வேண்டும். ‘நீர்க்கட்டி’க்காக யார் இத்தனை பாடு படுவார்கள்? நடுவில் “எனக்கு இது வேண்டாம், மாட்டை யார் பார்ப்பது” என்று நிறுத்திவிடுவார். அப்படி நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாலையில் பால் கறந்து ஊற்றி முடித்த பிறகு, நீங்களும் அப்பாவும் மட்டும் உட்காருங்கள். மாமன் வேண்டாம், கூட்டம் வேண்டாம். முதலில் கேளுங்கள்: “அம்மா, அந்தக் கட்டியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?” ஆறு மாதம் ஒளித்து வைத்தவர் எதையோ சந்தேகித்துத்தான் ஒளித்திருப்பார். பிறகு நோயின் பெயரைச் சொல்லுங்கள். “புற்றுநோய்க் கட்டிதான். வைத்தியம் இருக்கிறது. எது செய்தாலும் உன்னைக் கேட்டுத்தான் செய்வோம்.” சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அழுதால் அழட்டும். “ஒன்றும் ஆகாது” என்று உடனே வாயை அடைக்காதீர்கள். அவரே “இதற்குமேல் எனக்கு எதுவும் சொல்லாதே, நீ பார்த்துச் செய்” என்றால் அதுவும் அவர் உரிமை. அதை அவர் சொல்ல வேண்டும், தாய்மாமன் சொல்லக் கூடாது.

பெரியப்பாவின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் முற்றிய பிறகே மருத்துவமனைக்கு வந்தார்கள். பரவி முடிந்த நோயை அறுத்தார்கள். சில மாதத்தில் ஆள் போய்விட்டார். ஊர் கத்தியைக் குற்றம் சொன்னது. சதை எடுத்துச் சோதிப்பதாலோ அறுவையாலோ நோய் பரவுவதில்லை. தாமதத்தால்தான் பரவுகிறது. இந்தக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதுதான் இதன் வஞ்சகம். பச்சிலை வைத்துக் கட்டி, புண்ணாகி, நாற்றம் வந்த பிறகு வந்த பெண்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. லேகியம், பற்பம் எதையும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். கீமோ நாட்களில் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்கெனவே சுமை அதிகம்.

இனிப் பயணம். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. சதை சோதித்த இடத்தில் கண்ணாடி ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதற்காகவே ஒருமுறை திரும்பி வர நேரலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்கு நாளைக்கே போங்கள். மொரப்பூரில் ரயில் ஏறுவது அம்மாவின் உடம்புக்கு நல்லது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, கூடப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. அதற்கான சான்றை மருத்துவமனைதான் தரும். முதல் தடவை போகும்போதே கேட்டு வாங்குங்கள்.

அம்மாவிடம் இதையும் சொல்லலாம். அடையாறு மருத்துவமனை, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. ஒரு அக்காவின் துக்கத்திலிருந்து எழுந்த இடம் அது. எனக்கு அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வரும்.

கேள்வி: எனக்கு 41 வயது. மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது. தலைமுடி முழுவதும் கொட்டிவிட்டது. மாமியார் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார். பிள்ளைகளை என்னோடு படுக்க விடுவதில்லை. கணவர் வாய் திறப்பதில்லை. நோயைவிட இதுதான் வலிக்கிறது.
— காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: அம்மா, பிள்ளைகளை இன்றிரவே பக்கத்தில் படுக்க வையுங்கள். புற்றுநோய் தொட்டாலோ, எச்சில் பட்டாலோ, ஒரே பாயில் படுத்தாலோ ஒட்டாது. சளி, இருமல், காய்ச்சல் இருக்கிறவர்கள்தான் உங்களிடமிருந்து விலகி இருக்க வேண்டும். அவர்களிடமிருந்து உங்களுக்குத்தான் தொற்றும்.

மாமியாரின் பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றுகிறது. கீமோ ஏற்றிய பிறகு இரண்டு நாள் கழிப்பறையில் நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள், வாந்தியைத் துடைப்பவர் கையுறை போடுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்புவோம். மருந்து உடம்பிலிருந்து வெளியேறுவதால் சொல்வது அது. கேட்பவர் காதில் நோய் வெளியேறுவதாக விழுந்துவிடுகிறது. அடுத்த கீமோவுக்கு மாமியாரையே உடன் அழைத்துப் போங்கள். ஒட்டாது என்பதை மருத்துவர் வாயால் அவர் கேட்கட்டும். உங்கள் கணவருக்கு இந்தப் பக்கத்தை மடித்துக் கொடுங்கள். ஐயா, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இன்று இரவு மனைவியின் தட்டை எடுத்து அதில் நீங்கள் சாப்பிடுங்கள். பேச வராவிட்டால் பரவாயில்லை.

அவரிடம் ஒரு வேலையும் கொடுங்கள், அதாவது மாமியாரிடம். வாய்ப் புண் வந்த நாட்களில் களி இறங்காது, புளிக்குழம்பும் காரமும் தீயாக எரியும். கேழ்வரகைக் கூழாக, தளரக் காய்ச்சி, சூடு ஆறக் கொடுக்கச் சொல்லுங்கள். நன்றாக வெந்த முட்டை, பருப்பு, குழைந்த சோறு, எல்லாம் அன்றன்றைக்குச் செய்தது. பழைய சோறு இப்போதைக்கு வேண்டாம். மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும் காலம்.

இந்த நாட்களுக்காகவே ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். 100.4 டிகிரியைத் தொட்டால் மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போய், “கீமோவில் இருக்கிறேன், காய்ச்சல்” என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இந்தப் பத்தியில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

முடி வளரும். கீமோ முடிந்து சில மாதங்களில் பெரும்பாலும் வந்துவிடும், சிலருக்குச் சுருளாகக்கூட வரும்.

கேள்வி: ஓசூரில் என்னோடு பத்து ஆண்டுகள் ஒரே ஷிப்டில் வேலை பார்த்த நண்பனுக்கு வாய்ப் புற்றுநோய். தாடையில் அறுவை நடந்திருக்கிறது. என்ன பேசுவது என்று தெரியாமல் இரண்டு மாதமாக அவன் வீட்டுத் தெருவில்கூட நான் போகவில்லை.

பதில்: நாளைக்குப் போங்கள். தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள், காரணம் அடுக்க வேண்டாம். அவருக்கே இப்போது பேசுவது கஷ்டமாக இருக்கும். ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு போய்ப் பக்கத்தில் வையுங்கள். “புகையிலையால்தானே வந்தது” என்று கேட்காதீர்கள். அதை அவர் தினமும் இரவில் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார். இதே நோயில் இறந்துபோன உங்கள் சித்தப்பாவின் கதையும் வேண்டாம். “ஏதாவது வேண்டுமென்றால் சொல்” என்பதையும் விடுங்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். “வியாழக்கிழமை மருத்துவமனைக்கு நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்” என்று சொல்லுங்கள். ரத்தம் தேவைப்பட்டால் ஷிப்டிலிருந்து நான்கு பேரைத் திரட்டுங்கள். அவர் விடுப்புக் கணக்கு, இ.எஸ்.ஐ. தாள்கள் இவற்றை அலுவலகத்தில் அலைந்து முடித்துக் கொடுங்கள். அவர் மனைவிக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது.

கேள்வி: என் மனைவிக்கு நோய் முற்றிவிட்டது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரவெல்லாம் வலியில் முனகுகிறாள். மார்ஃபின் கொடுத்தால் பழக்கமாகிவிடும், சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்கள். நான் தூங்கி எத்தனையோ நாள் ஆகிறது. தன் பிறந்த வீட்டுக்கு ஒருமுறை கூட்டிப் போகச் சொல்லிக் கேட்கிறாள். வழியில் ஏதாவது ஆகிவிடும் என்று உறவினர்கள் தடுக்கிறார்கள்.
— அரூர் வட்டத்திலிருந்து ஒரு கணவர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன்.

வலியைத் தாங்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. புற்றுநோய் வலிக்கு, மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் மாத்திரை உயிரை எடுக்காது. வலிக்காகக் கொடுப்பதால் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்ற பயமும் வேண்டாம். வலி வந்த பிறகு கொடுக்காமல், சொன்ன மணிக்கு, வலி இல்லாவிட்டாலும் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேளுங்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நோய்த் தணிப்புச் செவிலியர் வேண்டும் என்று கேட்டுப் பெயரைப் பதியுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பது அவர்கள் வேலை. புண் சுத்தம் செய்வது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் போடுவது எல்லாவற்றையும் உங்களுக்குக் கற்றுத் தருவார்கள்.

நீங்கள் தூங்க வேண்டும். தடுக்கிற அந்த உறவினர்களில் இரண்டு பேரை வாரத்துக்கு இரண்டு இரவு வந்து உட்காரச் சொல்லுங்கள். மனம் இருட்டிக்கொண்டு வந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போங்கள். மேலே தீர்த்தமலை என்று எழுதினேனே, அந்த ஊர் உங்கள் அரூரிலிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. பென்னாகரத்திலிருந்து அரை நாள் பயணத்துக்கு நாங்கள் பயந்தோம். செவிலியரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கிளம்புவதற்கு எவ்வளவு நேரம் முன்பு மார்ஃபின் கொடுப்பது என்று அவர் சொல்வார். மருந்தையும் சீட்டையும் உங்கள் சட்டைப்பையில் வையுங்கள். வேனில் பின் இருக்கையை எடுத்துவிட்டு இலவம்பஞ்சு மெத்தை போடுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, வாந்திக்கு ஒரு கிண்ணம், ஈரத் துணி, வெயிலுக்கு முன் கிளம்புதல். அங்கே ஒரு இரவு தங்க வேண்டும் என்றால் தங்கட்டும். அவருடைய அம்மாவோ அண்ணியோ பக்கத்தில் படுக்கட்டும். வேகத்தடை வருகிற இடமெல்லாம் டிரைவரை நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொல்லுங்கள்.