சனி, ஞாயிறு நன்றாகத் தூங்கியும் திங்கட்கிழமை ஏன் அசதியாக இருக்கிறது?

பெரும்பாலும் காரணம், எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்பதைவிட எப்போது எழுந்தோம் என்பதுதான். வாரநாளில் 6 மணிக்கு எழுபவர் விடுமுறையில் 10 மணிக்கு எழுந்தால் உடலின் உள்கடிகாரம் பின்னுக்குப் போய்விடுகிறது, அதாவது தூக்கம் வரும் நேரம் தள்ளிப்போகிறது. காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் அது முன்னே வரும். இரவில் வெகுநேரம் போன் பார்த்தால் இன்னும் பின்னே போகும். அதனால்தான் ஞாயிறு இரவு சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. ஜெர்மனியின் தூக்க ஆய்வாளர் டில் ரோன்னபெர்க் குழுவினர் 2006-இல் இதை 'சோஷியல் ஜெட்லாக்' என்று விளக்கினார்கள் (ஜெட்லாக் என்பது நேரம் மாறும் ஊருக்கு விமானத்தில் போனால் வரும் தூக்கத் தடுமாற்றம்).

சரி, வாரம் முழுக்கத் தூக்கம் குறைந்தவர் என்ன செய்வது? வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் மட்டும் தாமதமாக எழுங்கள். மீதிக்கு, மதியம் 3 மணிக்குள் அரைமணி நேரம் கண்ணயரலாம். (எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகல் தூக்கம் கூடாது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள், அன்று இரவு சீக்கிரம் படுங்கள்.) மாலைக் காபி வேண்டாம், அதிலுள்ள காஃபினில் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்.

அப்புறம், துணி துவைப்பது, மளிகை வாங்குவது எல்லாவற்றையும் ஞாயிறுக்கே தள்ளாதீர்கள். பல வீடுகளில் பெண்களுக்கு அன்றுதான் வேலை அதிகம். ஒரு வேளைச் சமையலையாவது மற்றவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.