பட்ஸில் வந்தது கொஞ்சம், உள்ளே போனது அதிகம்

கேள்வி: எனக்கு வயது 36. தினமும் குளித்ததும் பட்ஸ் போட்டுக் காதைத் துடைப்பேன். நேற்று அப்படித் துடைத்தபோது வலது காது கப்பென்று அடைத்துக்கொண்டது. வலி இல்லை. என் குரலே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கிறது. வீட்டிலேயே சுத்தம் செய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும், பட்ஸைத் தொடாமல் இருந்தால்.

பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம். குறும்பி, அதாவது காதில் ஊறும் மெழுகு போன்ற அழுக்கு, சுரப்பது அதன் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும்தான். அதற்கு உள்ளே எலும்பின் மேல் போர்த்திய மெல்லிய தோல். அங்கே குறும்பிச் சுரப்பியே கிடையாது. அதனால் செவிப்பறையை ஒட்டிக் குறும்பி அப்பியிருந்தால், எதை வைத்துக் குடைந்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பட்ஸ் நுனியில் பழுப்பாக ஒட்டி வருவதைப் பார்த்துத் திருப்திப்படுகிறோம்; அதைவிட அதிகம் உள்ளே போய் இறுகுகிறது. குளிக்கும் தண்ணீர் பட்டதும் அது ஊதி, மிச்சமிருந்த இடுக்கையும் அடைத்துவிடுகிறது. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

ஆனாலும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். அடைத்த காதில் சத்தம் ஓங்கிக் கேட்டால், வழியில் ஏதோ தடை, குறும்பியாக இருக்கலாம். நல்ல காதில் ஓங்கிக் கேட்டால் உள்காதின் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது சொட்டு மருந்து போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது, உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இந்தச் சோதனை ஒரு துப்பு மட்டுமே. சத்தம் எந்தப் பக்கம் கேட்டாலும், திடீரென்று காது கேட்காமல் போய், ஓரிரு நாளில் சரியாகாவிட்டால் காட்டிவிடுங்கள்.

குறும்பி என்று தோன்றினால் அதை இளக வைப்பதுதான் வேலை. ஆலிவ் எண்ணெயோ, மருந்துக் கடையில் கிடைக்கும் சோடியம் பைகார்பனேட் சொட்டு மருந்தோ போதும். குப்பியைச் சிறிது நேரம் உள்ளங்கையில் பொத்தி வையுங்கள். சில்லென்று விட்டால் தலை சுற்றும். அடுப்பில் சூடாக்கவே வேண்டாம். அடைத்த காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, மூன்று நான்கு சொட்டு விட்டு 5 நிமிடம் அப்படியே கிடங்கள். தினம் இரண்டு வேளை, 3 முதல் 5 நாள். முதல் நாள் அடைப்பு கூடியதுபோலத் தெரியும். குறும்பி ஊறுகிறது, பயப்பட வேண்டாம்.

செவிப்பறையில் ஓட்டை இருந்தவர்கள், காதில் அறுவை செய்தவர்கள், வலியோ சீழோ உள்ளவர்கள் இதைச் செய்யக் கூடாது. 5 நாளில் திறக்காவிட்டால் மருத்துவர் உறிஞ்சு கருவியாலோ வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சியோ எடுத்துவிடுவார். சர்க்கரை நோய் இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். தண்ணீர் தங்கிக் கிருமி பிடித்தால் அவர்களுக்கு அது பெரிய தொல்லை. காதில் மெழுகுவத்தி கொளுத்தி வைக்கும் வித்தையை மறந்துவிடுங்கள். எரிந்து முடிந்ததும் ‘உங்கள் அழுக்கு’ என்று காட்டுவது அந்த மெழுகுவத்தியின் மெழுகையே.

காது குடைவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. குழாய்த் தோலில், தொண்டைக்கும் போகும் வேகஸ் நரம்பின் கிளை ஒன்று ஓடுவதால் சிலருக்குக் குடையும்போது இருமல்கூட வரும். ஆனால் குறும்பியை வழித்தெடுத்தால் தோல் வறண்டு அரிக்கும். அரித்தால் மறுபடி குடையத் தோன்றும். பட்ஸை விட்டதும் ஒன்றிரண்டு வாரம் இந்த அரிப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். குளித்ததும் துண்டு முனையை விரலில் சுற்றி, விரல் போகும் தூரம் துடைத்தால் போதும். உள்ளிருக்கும் தோல் வளரும்போதே வெளிப்பக்கம் நகர்ந்து, குறும்பியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும்.