யார் வழங்கவில்லை? – கடிதம்

வணக்கம் ஐயா,

ஓர் அரசு கலைக் கல்லூரியில் ஆறு ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். உயர்கல்வியின் இன்றைய நிலை பற்றி ஒரு கட்டுரை எழுதி மூன்று இதழ்களுக்கு அனுப்பினேன். இரண்டு இதழ்கள் பதிலே போடவில்லை. மூன்றாவது இதழின் ஆசிரியர் ‘ரொம்பப் பொதுவாக இருக்கிறது’ என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். கட்டுரையை இணைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் மதிப்பார்களா? வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, புனைபெயரில் எழுதலாமா? இதற்கெல்லாம் பணி மதிப்பெண் உண்டா? இதழ்களில் வரவைக்க என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தோழி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் ஒரு பழைய நோட்டுக்காகப் பரணைக் குடைந்துகொண்டிருந்தேன். உங்கள் கட்டுரையைப் படித்ததும் அந்த நோட்டின் ஞாபகம் இன்னும் முட்டிக்கொண்டு வந்தது. அதற்கு வருகிறேன்.

கேட்டவற்றை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலமா தமிழா என்பது யார் படிக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. உங்கள் மாணவியின் அப்பா படிக்க வேண்டுமென்றால் தமிழ். பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் எண்ணுகிற மதிப்பெண் இதற்குக் கிடையாது. யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2018 விதிமுறைகளின்படி கலைப்பாடங்களில் ஓர் ஆய்வுக்கட்டுரைக்கு 10 மதிப்பெண். மாத இதழ்க் கட்டுரைக்கு அந்த அட்டவணையில் இடமே இல்லை. எந்த ஆய்விதழ் செல்லும், எது செல்லாது என்று அவர்கள் வைத்திருந்த பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அதில் இடம்பிடித்த இதழ்களுக்குப் பணம் கட்டியவர்கள் இப்போது என்ன செய்கிறார்களோ. புனைபெயர்? தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி கூப்பிடுவார்களா என்று காத்திருக்கும் ஒருவரிடம் வீரத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை கிடையாது. நான் நிரந்தர வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவன். இதழாசிரியருக்கு மட்டும் உங்கள் உண்மைப் பெயர் தெரிந்திருக்கட்டும்.

இனி கட்டுரை. அந்த ஆசிரியர் சொன்னது சரி. கோபித்துக்கொள்ளாதீர்கள், அல்லது கோபித்துக்கொண்டே படியுங்கள்.

பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘பணியிடங்கள் நிரப்பப்படவில்லை’, ‘உரிய ஊதியம் வழங்கப்படுவதில்லை’, ‘ஆய்வு மாணவர்கள் அலைக்கழிக்கப்படுகிறார்கள்’, ‘இந்நிலை மாற்றப்பட வேண்டும்’. நான்காம் பக்கத்துக்குள் பென்சில் மழுங்கிவிட்டது. பதினான்கு பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. யார் நிரப்பவில்லை? யார் வழங்கவில்லை? யார் அலைக்கழிக்கிறார்? எல்லாம் ஆளில்லாத வீட்டில் பாத்திரம் உருளுவது மாதிரி தானாக நடக்கிறது.

‘படு’ என்பது நம் மொழியில் நல்ல வினைதான். கஷ்டப்படுகிறோம், ஆசைப்படுகிறோம், வெட்கப்படுகிறோம். அதிலெல்லாம் படுகிற ஆள் தெரிகிறார். அலுவலகக் கடிதத்தில் புகுந்த ‘படு’தான் ஆளை ஒளித்துவைக்கிறது. நீங்கள் படுகிறீர்கள், படுத்துகிறவர் வாக்கியத்துக்கு வெளியே நின்றுகொள்கிறார். ‘படு’வை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அது இல்லாமலே தப்பிக்கத் தமிழில் வழி உண்டு. வீட்டில் கண்ணாடியைப் போட்டு உடைத்த பிள்ளை என்ன சொல்லும்? ‘கண்ணாடி உடைஞ்சிடுச்சு’. ‘உடைச்சிட்டேன்’ என்று வாயில் வருமா? ஆசிரியர் அறையில் நாமும் அதே பாஷைதான் பேசுகிறோம்: சம்பளம் நின்னுபோச்சு, ஃபைல் காணாமப்போச்சு, ஆய்வேடு தள்ளிப்போச்சு.

பெரியவர்களும் இதற்கு விலக்கில்லை. இந்தியக் கல்வியைப் பற்றி மேடைகளில் அதிகம் கேட்கிற வாக்கியம் 1966-ல் வந்த கோத்தாரி ஆணைய அறிக்கையின் முதல் வரி. இந்தியாவின் விதி இப்போது அதன் வகுப்பறைகளில் உருவாக்கப்பட்டுக்கொண்டிருக்கிறதாம். யார் உருவாக்குகிறார்கள்? வரியில் இல்லை. தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்று சொன்னதும் அதே அறிக்கைதான். 1968 தேசியக் கல்விக் கொள்கை அதை வாங்கிக்கொண்டது, 1986 கொள்கை திரும்பச் சொன்னது, 2020 கொள்கையும் சொல்கிறது. எட்டப்பட வேண்டும், எட்டப்பட வேண்டும் என்று ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஒரு படு. அறிக்கை எழுதுகிறவர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம், உங்களுக்கு எதற்கு?

1987-ல் நானும் இப்படி ஒரு கட்டுரை எழுதினேன். தலைப்பே ‘கல்லூரிகளின் இன்றைய நிலை’. இருபத்தொன்பது வயது, வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம், நாட்டில் எதுவும் சரியில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சிறிய மாத இதழுக்கு அனுப்பினேன். கட்டுரை திரும்பி வந்தது. கடிதம் இல்லை, ஓரங்களில் சிவப்பு மையில் ‘யார்?’, ‘யார்?’ என்று பக்கத்துக்கு இரண்டு மூன்று. எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் நேரே கிளம்பிப் போனேன்.

அச்சகத்தின் பின்னறையில் இதழாசிரியர் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வகுப்புகள் முறையாக நடத்தப்படுவதில்லைன்னு எழுதியிருக்கீங்க தம்பி. உங்க காலேஜ்ல நேத்து எத்தனை வகுப்பு நடக்கலை?”

தெரியவில்லை என்றேன்.

“சரி. நீங்க நேத்து எத்தனை எடுத்தீங்க?”

முந்தின நாள் அந்தக் கட்டுரையையே மறுபடி படித்து அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களை நூலகத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வகுப்புக்குப் போகவில்லை. அவரிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

திரும்பிவந்து நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். எங்கள் நடையில் பதினோரு அறைகள். பத்து நாள், ஒவ்வொரு மணிநேரமும் எட்டிப் பார்த்து எந்த அறையில் ஆசிரியர் இல்லை, ஏன் இல்லை என்று குறித்தேன். என் வகுப்பு நேரத்தில் ஒரு மாணவன் போய்ப் பார்த்துவந்து சொன்னான். நான் எதிர்பார்த்த காரணம் காலிப் பணியிடம். அதுவும் இருந்தது. விடைத்தாள் திருத்தப் போனவர்கள் இருந்தார்கள். ஆனால் ஏறக்குறையப் பாதி அறைகளுக்கு உரியவர்கள் ஆசிரியர் அறையில், என் பக்கத்து நாற்காலிகளில்தான் இருந்தார்கள். இரண்டு நாள் நானும். கட்டுரையைத் திருப்பி எழுதினேன். பன்னிரண்டு பக்கம் ஐந்தாகச் சுருங்கியது. ஏழு மாதம் கழித்து இதழில் வந்தது.

உங்கள் கட்டுரையில் அப்படி ஓரிடம் இருக்கிறது. பதினோராம் பக்கத்தில் ஒரு மாணவி. ஆய்வு நெறியாளர் கையெழுத்துக்காக நான்கு மாதம் நடக்கிறாள், ஒவ்வொரு முறையும் பேருந்து நிலையத்துக்கு வெளியே வெயிலில் நின்று அவருக்குத் தொலைபேசி செய்கிறாள். மூன்றே வரி. அது நீங்கள் பார்த்தது என்பதால் உயிரோடு இருக்கிறது. அவளை அங்கேயே விட்டுவிட்டு ‘இவ்வாறாக ஆய்வுச் சூழல் சீர்குலைக்கப்படுகிறது’ என்று எழுந்து போய்விட்டீர்களே, மனசு எப்படி வந்தது?

அதற்கு முன்பக்கத்தில் ஓர் எண் வருகிறது. ‘தமிழ்நாட்டில் நூறு இளைஞர்களில் 47 பேர் கல்லூரியில் படிக்கிறார்கள்.’ எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், எல்லோரும் தப்பு. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில் மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டுக்கு 47, நாட்டுக்கு 28.4 என்பது சரி. ஆனால் அந்த விகிதத்தில் பகுதி, அதாவது கீழே வகுக்கிற எண், 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகை. அதுவும் 2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட மதிப்பீடு. மேலே இருக்கிற தொகுதியோ எந்த வயதில் சேர்ந்திருந்தாலும் எண்ணிக்கொள்ளும். நாற்பது வயதில் எம்.ஏ. சேர்ந்தவரும் அதில் உண்டு. ஆகவே ‘நூறில் 47 பேர்’ என்று எழுத முடியாது. 47 உயர்ந்த விகிதம்தான், அதில் சந்தேகமில்லை. அந்த எண்களைக் கல்லூரிகள் தாமே நிரப்பி ஏற்றுகின்றன என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பல இடங்களில் அந்தப் படிவத்தை நிரப்புகிற வேலை யார் தலையில் விழுகிறது என்பதைப் பற்றி நீங்கள் எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

ஊதியத்தைப் பற்றியும் அப்படியே. ‘உரிய ஊதியம்’ என்றால் எவ்வளவு? யுஜிசி 2019 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 என்கிறது. அதை ஒரு வரியில் எழுதி, அடுத்த வரியில் உங்கள் கைக்கு வருவதை எழுதுங்கள். எத்தனையாம் தேதி வருகிறது என்பதையும். இரண்டு வரி போதும், கண்டனம் தேவைப்படாது.

‘யார்’ என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். சட்டமே உங்கள் பக்கம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் பிரிவு 4, ஒவ்வோர் அரசு அலுவலகமும் முடிவெடுக்கும் நடைமுறையையும், அதில் யார் யாரை மேற்பார்வையிடுகிறார், யார் பொறுப்பு என்பதையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. வெளியிடவில்லையா, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. உங்கள் பெயரில் போடப் பயமாக இருந்தால் வேறு யாராவது நண்பரைப் போடச் சொல்லுங்கள். அதிகாரியின் பெயர் கட்டுரைக்கு வேண்டாம், பதவி போதும். அந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று எழுதுங்கள். பதினோராம் பக்கத்து மாணவியிலிருந்து தொடங்குங்கள். ஆறு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எழுதி எனக்கு அனுப்புங்கள், பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டு பரணில் இல்லை. எங்கே இருக்கும்? கட்டுரை வந்த வாரம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். மேசையில் இதழ் விரிந்திருந்தது. வேலை போச்சு என்றுதான் நினைத்தேன். “உங்க பேரையும் போட்டிருக்கீங்க” என்றார். பிறகு, “அந்த நோட்டைக் குடுத்துட்டுப் போங்க.” கொடுத்தேன். மறுநாளிலிருந்து மூன்றாம் மணிநேரத்தில் நடையில் அவர் காலடிச் சத்தம் கேட்கும். ஆசிரியர் அறை காலியாகிவிடும். மூன்று வாரம் நடந்தார். பிறகு நின்றுவிட்டது.

பாருங்கள், நானும் ‘நின்றுவிட்டது’ என்கிறேன். அவர் நிறுத்தினார். நோட்டு அவர் அலமாரியில் இருந்தது, நான் போய்க் கேட்கவில்லை.