பஹாவ் தோட்டத்து எலியின் காதில் செம்மஞ்சள் கொத்து

மலேசியாவின் பஹாவ் தோட்டத்தில் பிடித்த எலியின் காதில் செம்மஞ்சளாகக் கொத்தாக இருப்பது முட்டையா என்று கேட்டிருந்தீர்கள். முட்டை இல்லை. செம்பனைத் தோப்பில் பிடித்த காட்டெலியின் காது மடலுக்குள் நீங்கள் பார்த்தவை நுண்ணுண்ணிக் (மைட்) குஞ்சுகளாகத்தான் இருக்கும். பொறியை லாலான் புல் ஓரமாக வைத்திருப்பீர்கள். அங்கேதான் இவை தொற்றிக்கொள்ளும். குஞ்சுப் பருவத்தில் மட்டுமே எலியை அண்டும். வளர்ந்தபின் மண்ணில் பூச்சி முட்டை தின்று பிழைக்கும்.

ஊசிமுனையில் ஒன்றை எடுத்து, நகைக்கடை லென்ஸில் பாருங்கள். ஆறு கால் தெரிய வேண்டும். கையுறை கட்டாயம், எலிச் சிறுநீர் தரும் காய்ச்சல் தனித் தொல்லை.

இந்தக் குஞ்சுகள் மனிதரையும் கடிக்கும், ஸ்க்ரப் டைபஸ் என்ற கிருமிக் காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. எலி பிடித்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால் அக்குளிலும் இடுப்பு மடிப்பிலும் கருகிய பொருக்கைத் தேடுங்கள். எல்லாருக்கும் பொருக்கு வராது. வராவிட்டாலும் கிளினிக்கில் எலி பிடித்ததைச் சொல்லிவிடுங்கள். டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்து வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.