பாயிண்ட் கொடுத்த பிறகும் ஏன் பணம்? ரிவார்டு டிக்கெட் கேள்வி பதில்

கே: சார், ஏவியோஸ் என்ற பயணப் பாயிண்ட்டைக் கொடுத்து பிரிட்டிஷ் ஏர்வேஸில் சென்னை–லண்டன் எடுக்கப் பார்த்தேன். ‘வரி, கட்டணம்’ என்று பெரிய தொகை கேட்கிறது. எல்லாம் அரசாங்கத்துக்கா போகிறது?

ப: இல்லை. அரசு வரி, விமான நிலையக் கட்டணம் போக மீதியை விமான நிறுவனமே வாங்கிக்கொள்கிறது. விவரத்தை விரித்துப் பாருங்கள். ஒய்க்யூ (YQ) அல்லது ஒய்ஆர் (YR) என்ற குறியீட்டோடு ஒரு தொகை இருக்கும். எரிபொருள் விலையைக் காரணம் காட்டி வந்த சர்சார்ஜ், அதாவது கூடுதல் கட்டணம் அது. விலை இறங்கியபோது அதே வேகத்தில் இறங்கவில்லை. இதற்காகவே அமெரிக்காவில் 2012-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் மீது அதன் பாயிண்ட் திட்ட உறுப்பினர்கள் வழக்குப் போட்டார்கள், சமரசத்தில் முடிந்தது.

ஒரே சீட்டுக்கு எந்த நிறுவனத் திட்டத்தின் மைல் (பாயிண்ட்டின் இன்னொரு பெயர்) கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து தொகை மாறும். லுஃப்தான்சா சீட்டை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் மைலில் எடுத்தால் சர்சார்ஜ் உண்டு. ஏர் கனடாவின் ஏரோபிளான் திட்டத்தில் எடுத்தால் இல்லை. 2020 நவம்பரில் அங்கே சர்சார்ஜை நீக்கிவிட்டார்கள். கூட்டாளி நிறுவன டிக்கெட் என்பதால் 39 கனடிய டாலர் மட்டும் தனியாக உண்டு. பாயிண்ட் சேர்க்கத் தொடங்கும் முன்பே பார்க்க வேண்டிய கணக்கு இது. நம்மவர்கள் கிரெடிட் கார்டு வாங்கிய பிறகுதான் பார்க்கிறார்கள்!

கே: திரும்பி வரும்போது லண்டனிலிருந்து இன்னும் அதிகமாகக் காட்டுகிறதே?

ப: அது உண்மையான வரி. பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணிக்கு ஏர் பாசஞ்சர் டியூட்டி உண்டு. பிசினஸ் வகுப்புக்கு எகானமியைவிட அதிகம். எகானமியில் 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கிடையாது. வேறு நாட்டிலிருந்து வந்து, ஒரே டிக்கெட்டில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் மாறுகிறவர்களுக்கும் கிடையாது.

கே: அண்ணே, சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சேவர் சீட் (குறைந்த மைலுக்குக் கிடைப்பது) வெயிட்லிஸ்டில் இருக்கிறது. பேங்க் பாயிண்ட்டை இப்போதே மைலாக மாற்றிவிடவா?

ப: வேண்டாம். மாற்றினால் திரும்ப வராது. வெயிட்லிஸ்ட் நகராமல் போகவும் கூடும். சீட் கண்முன் இருக்கும்போது மாற்றுங்கள். ஆனால் சில பேங்குகளில் மைல் வந்து சேரப் பல நாள் ஆகும், அதற்குள் சீட் போய்விடலாம். உங்கள் பேங்க் எவ்வளவு நாள் எடுக்கும் என்று முன்பே கேட்டு வையுங்கள். 2017 மார்ச்சிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த விமானங்களில் கிரிஸ்ஃப்ளையர் மைல் டிக்கெட்டுக்கு சர்சார்ஜ் இல்லை என்பது நல்ல விஷயம்.

கே: மைல் போய்விட்டது, பிஎன்ஆர் வந்துவிட்டது, நான்கு நாளாக டிக்கெட் மட்டும் வரவில்லை.

ப: பிஎன்ஆர் என்பது சீட்டைப் பிடித்து வைத்திருப்பது மட்டும்தான். 13 இலக்க டிக்கெட் எண் வந்தால்தான் பயணம் உறுதி. முதல் மூன்று இலக்கம் டிக்கெட் போட்ட நிறுவனத்தைக் காட்டும்: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 618, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 125, ஏர் இந்தியா 098. கூட்டாளி நிறுவன விமானம் என்றால் இப்படிச் சிக்குவது சகஜம். மைல் கொடுத்த திட்டத்தைக் கூப்பிடுங்கள், பறக்கப்போகும் நிறுவனத்தை அல்ல. “பார்க்கிறோம்” என்றால் விடாதீர்கள், எண்ணைக் கேளுங்கள். நாள் கடந்தால் சீட் தானாகவே ரத்தாகிவிடலாம்.

கே: வெப்சைட்டில் எரர் வந்ததால் போனில் எடுத்தேன், தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.

ப: எரர் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது என்று சொல்லி, கட்டணத்தை விலக்கச் சொல்லுங்கள். பல சமயம் விலக்குவார்கள்.