கேள்வி-பதில்: எது பெரிய குதிரை?

கேள்வி: வருடா வருடம் டர்பனில் ஜூலை என்ற பெரிய குதிரைப் பந்தயம் வந்தால் எங்கள் வீட்டில் ஒரே சண்டை. சீ காட்டேஜ் மாதிரி ஒரு குதிரை இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்பார் தாத்தா. அப்பாவுக்கு ஹார்ஸ் செஸ்ட்நட். நான் பாக்கெட் பவர் கட்சி. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: மூன்று தலைமுறையிடமும் திட்டு வாங்க வழி பண்ணிவிட்டீர்கள், சரி.

முதலில் தாத்தா. சீ காட்டேஜ் 24 ஓட்டத்தில் 20 ஜெயித்தது. ஆனால் அவர் மனதில் நிற்பது அந்தக் கணக்கு இல்லை, 1966 என்றுதான் நினைக்கிறேன். ஜூலை பந்தயம் நெருங்கும் நேரம், டர்பனில் காலைப் பயிற்சி முடிந்து திரும்பிக்கொண்டிருந்த குதிரையை ஒருவன் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். குண்டு பின்தொடையில் தங்கிவிட்டது, எடுக்க முடியவில்லை. அதைச் சுமந்துகொண்டே அந்த வருட ஜூலையில் ஓடி நான்காவதாக வந்தது, அடுத்த வருடம் ஜாலிஃபையோடு டெட் ஹீட், அதாவது இரண்டுக்கும் முதலிடம். நிறவெறிக் காலத்தில், ஜூலை நடக்கும் கிரேவில் மைதானத்தில் நம் இந்தியர்களுக்கு என்று தனியாக ஒதுக்கிய பக்கத்தில் நின்று பார்த்த தலைமுறைக்கு, அடிபட்டும் திரும்பி வந்த ஒரு ஜீவன் சும்மா குதிரையாகவா தெரிந்திருக்கும்? அவரோடு வாதாடாதீர்கள்.

அப்பாவின் குதிரை 10 ஓட்டம் ஓடி 9 ஜெயித்தது. 1999இல் கேப் டவுன் மெட் பந்தயத்தில் மூன்றே வயதில், மூத்த குதிரைகளை எட்டு லென்த்துக்கு (ஒரு லென்த் என்றால் ஒரு குதிரை நீளம்) மேல் பின்னால் விட்டு வந்தது. அதே வருடம் தென்னாப்பிரிக்க டிரிபிள் கிரவுன் என்கிற மூன்று பந்தயங்களையும் ஜெயித்த முதல் குதிரையும் அதுதான். அப்புறம் அமெரிக்கா போய், 2000 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஒரு பந்தயம் ஜெயித்ததும் காயம், ஓட்டமே முடிந்துபோனது. ஒரு குறை உண்டு: அது ஜூலை ஓடவே இல்லை. டர்பன்காரனான எனக்கு அது உறுத்தும், கேப் டவுன்காரரிடம் சொன்னால் சிரிப்பார்.

உங்கள் பாக்கெட் பவர் 2007, 2008, 2009 என்று மூன்று மெட் ஜெயித்தது, 2007இலிருந்து 2010 வரை நான்கு முறை கேப் டவுனின் குவீன்ஸ் பிளேட் பந்தயம் (இப்போது அதன் பெயர் கிங்ஸ் பிளேட்). இந்த இரண்டாவதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். ஜூலை என்பது ஹாண்டிகேப் பந்தயம். நல்ல குதிரை என்றால் முதுகில் எடையை ஏற்றிவிடுவார்கள், சுமாரான குதிரை லேசாக ஓடிவந்து பக்கத்தில் நிற்கும். குவீன்ஸ் பிளேட்டில் திறமைக்காக எடை ஏற்றுவது கிடையாது, வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்த்துத்தான் எடை, அதனால் நிஜமாகவே நல்ல குதிரை எது என்று தெரிந்துவிடும். அங்கே நான்கு வருடம் தொடர்ந்து ஜெயிப்பது லேசா? 2008 ஜூலையில் டான்சர்ஸ் டாட்டர் என்ற பெண்குதிரையோடு டெட் ஹீட் வேறு. தாத்தா கட்சிக்கும் உங்கள் கட்சிக்கும் இருக்கிற ஒரே ஒற்றுமை அதுதான் போல, இரண்டு பேருக்கும் ஜூலை பாதிப் பாதி!

ஓடிய நேரத்தை வைத்து ஒப்பிடலாமே என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விடுங்கள். தரை வேறு, எடை வேறு, எதிரே ஓடிய குதிரைகளும் வேறு.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஓட்டம் என்றால் அப்பா பக்கம். ஆனால் தனக்குப் பின்னால் நல்ல வாரிசுகளை அதிகம் விட்டுப்போனது எது என்பது கேள்வியானால் உங்கள் வீட்டில் மூன்று பேருமே சொல்லாத ஒரு பெயர் இருக்கிறது: ஜெட் மாஸ்டர். ஓடும் காலத்திலேயே சாம்பியன், அப்புறம் தகப்பனாகி இந்த நாட்டுப் பந்தயத்தையே மாற்றியது. பாக்கெட் பவர் அதன் பிள்ளைதான். பாக்கெட் பவரின் கூடப்பிறந்த ரிவர் ஜெட்டஸ் 2010 மெட்டை ஜெயித்தது. ஆக நான்கு வருடம் தொடர்ந்து மெட் ஒரே வீட்டுக்குப் போயிருக்கிறது. ஹார்ஸ் செஸ்ட்நட்டின் குட்டிகளில் தகப்பன் அளவுக்கு எதுவும் வரவில்லை. இதை அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: சாம்பியன் என்றாலே ஆண்குதிரைதானா?
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: அது பேசுகிறவர்களின் குறை, அம்மா. ஸிம்பாப்வேயில் பிறந்த இப்பி டோம்பே 2002 ஜூலையை ஜெயித்துவிட்டு, 2003இல் துபாய் டியூட்டி ஃப்ரீ என்ற பந்தயத்தையும் ஜெயித்தது. இகூகூ 2011 ஜூலை, 2012 மெட். இரண்டுமே பெண்குதிரைகள், இரண்டுக்கும் பயிற்சி கொடுத்தவர் மைக் டி காக், ஹார்ஸ் செஸ்ட்நட்டின் அதே பயிற்சியாளர். அடுத்த ஜூலையில் சாட்ஸ்வொர்த் வீட்டுக்குப் போய் நாலாவது கட்சி ஆரம்பியுங்கள்.

கேள்வி: இந்த வருடம் எந்தக் குதிரைமேல் பணம் கட்டலாம்?
— பெயர் வேண்டாம் என்கிறார், ஃபீனிக்ஸ்

பதில்: பெயர் வேண்டாம் என்பதிலிருந்தே போன வருடக் கதை புரிகிறது. மனைவியிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.