பேட்டரி ரம்பம் மாவாகத் தூள் கொட்டினால் செயினைக் கவனியுங்கள்

கேள்வி: பாலக்கோடு அருகே எங்களுக்கு 3 ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது, பெரும்பாலும் பெங்களூரா ரகம். காய் இறக்கி முடித்துவிட்டோம். கவாத்துக்கு ஆள் கிடைக்காததால் பேட்டரியில் ஓடும் செயின் ரம்பம் வாங்கினேன். முதலில் நன்றாக அறுத்தது. இப்போது அழுத்தினால்தான் இறங்குகிறது, புகை வருகிறது, மாவு போலத் தூள் கொட்டுகிறது. செயினும் கழன்றுபோய் நானே திரும்ப மாட்டினேன். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. புது பேட்டரி வாங்கலாமா? பேட்டரி ரம்பத்துக்கும் ஆயில் வேண்டுமா? டிராக்டரில் இறக்கிய பழைய ஆயிலை ஊற்றலாமா?

பதில்: பேட்டரிக்கு இப்போதைக்குச் செலவு செய்யாதீர்கள் ஐயா. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் எல்லாம் செயினைத்தான் காட்டுகின்றன. கூரான பல் மரத்தைச் சின்னச் சின்னச் சீவலாக எடுத்துப் போடும். மழுங்கிய பல் தேய்க்கத்தான் செய்யும். அந்த உரசலை இழுக்க மோட்டார் கூடுதல் மின்சாரம் வாங்குவதால் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது.

எதைச் செய்வதற்கு முன்பும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுங்கள், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். செயினை நீங்களே மாட்டியதால் முதலில் திசையைப் பாருங்கள். பார் என்பது செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு. அதன் மேல்பக்கத்தில் பற்களின் கூர்முனை பாரின் நுனியை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டியிருந்தாலும் இதே புகைதான் வரும். கழன்றபோது செயினின் அடிக்கண்ணிகளில், அதாவது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கண்ணிகளில், பிசிறு ஏறியிருக்கலாம், அதை அரத்தால் லேசாகத் தேய்த்து எடுங்கள்.

அடுத்து இறுக்கம். பாரைப் பிடித்திருக்கும் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பாரின் நுனியைத் தூக்கிப் பிடித்தபடியே இறுக்கும் திருகைத் திருப்புங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தில் தொங்காமல் ஒட்டியிருக்க வேண்டும், கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். சரியாக வந்ததும் நுனியைத் தூக்கிய நிலையிலேயே நட்டை முறுக்குங்கள். புது செயின் முதல் அரை மணி நேரத்தில் நன்றாக நீளும், அதனால் அடிக்கடி பார்க்க வேண்டும். வேலையின்போது சூட்டில் விரிந்த செயினை இறுக்கினால், முடித்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். ஆறிச் சுருங்கும்போது அது பாரையும் பல்சக்கரத்தையும் கெடுத்துவிடும்.

ஆயில் கட்டாயம் வேண்டும். மோட்டார் எதில் ஓடினாலும் செயின் இரும்பின் மேல்தானே உரசி ஓடுகிறது! பழைய டிராக்டர் ஆயில் மட்டும் வேண்டாம். அதிலுள்ள இரும்புத் துகள் ஆயில் பம்பை அடைக்கும், பாரையும் தேய்க்கும். அறுத்த காயத்திலும் உங்கள் கையிலும் அது படக் கூடாது. செயினுக்கென்றே விற்கும் ஒட்டும் தன்மையுள்ள ஆயிலை ஊற்றுங்கள். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பாரின் நுனியை வெளிர் நிற அட்டைக்கு நேராகக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து ஓட்டுங்கள். அட்டையில் ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் பாரைக் கழற்றி அதன் பள்ளத்தையும் ஆயில் துளையையும் சுத்தம் செய்யுங்கள். மாம்பாலும் தூளும் சேர்ந்து அங்கே கெட்டியாக அடைத்திருக்கும். திரும்ப மாட்டும்போது பாரை மேல்கீழாகத் திருப்பிப் போட்டால் இரு பக்கமும் சமமாகத் தேயும்.

சாணைக்கு வெளியே கொடுக்கத் தேவையில்லை. வேகமாகச் சுற்றும் கல்லில் வைத்தால் பல் சூடேறி நீலம் பாரித்து உறுதியை இழந்துவிடும். உருண்டை அரம் ஒன்று வாங்கி நீங்களே செய்யலாம். ‘3/8 லோ புரொஃபைல்’ என்ற வகைச் செயினாக இருந்தால் 4 மி.மீ. அரம் சரி, மற்றவற்றுக்கு இயந்திரத்தின் கையேட்டைப் பாருங்கள். பல்லின் மேலுள்ள கோட்டின் சாய்விலேயே, பெரும்பாலும் அது 30 டிகிரி, உள்ளிருந்து வெளியே தள்ளும்போது மட்டும் தேய்க்க வேண்டும், இழுக்கும்போது தேய்க்கக் கூடாது. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை. முதல் பல்லில் அடையாளம் வைத்துக்கொண்டால் கணக்கு தவறாது. ஒரு பக்கப் பற்கள் மட்டும் குட்டையானால் ரம்பம் வளைந்து அறுக்கும். பல்லுக்கு முன்னால் உள்ள சின்ன மேட்டை, சில தடவை கூர்செய்த பிறகு தட்டை அரத்தால் சிறிதளவு குறைக்க வேண்டும். அதிகமாகக் குறைத்துவிட்டால் ரம்பம் துள்ளி உங்கள் மேலேயே பாயும்.

இவ்வளவு சீக்கிரம் மழுங்கியதற்கு உங்கள் தோட்டத்திலேயே காரணம் இருக்கலாம். நம் பக்கத்துச் செம்மண் தோப்புகளில் அடிமரத்திலும் பட்ட கிளைகளிலும் கறையான் மண்பூச்சு ஏறியிருக்கும். அந்த மண்ணில் பட்டால் செயின் நிமிடத்தில் கூர் இழந்துவிடும். அறுக்கும் இடத்தை விளக்குமாற்றால் சுத்தமாகத் தட்டிவிட்டு அறுங்கள். தரையில் கிடக்கும் கிளையைத் துண்டு போடும்போது அடியில் கட்டை கொடுங்கள், செயின் மண்ணைத் தொடவே கூடாது. மரத்தில் பழைய ஆணி, கம்பி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

அப்புறம், அறுத்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்கப் போர்டோ பசை தடவுங்கள். 1 கிலோ மயில் துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர் என்ற அளவில் கலந்தால் போதும்.

பல் மிகவும் தேய்ந்து சின்னதாகிவிட்டாலோ, இறுக்கும் திருகு கடைசிவரை போயும் செயின் தொங்கினாலோ புது செயின்தான். கடைக்குப் பழைய செயினையும், பாரில் பொறித்துள்ள எண்களையும் கொண்டு போங்கள். பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு), அடிக்கண்ணியின் தடிமன், அடிக்கண்ணிகளின் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். புது செயின் போட்டு, ஆயிலும் ஓடி, அதன் பிறகும் பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையென்றால் அப்போது பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள்.